மண்டலங்களாகப் பிரிக்கும் முன்: வாசகர் கேள்வி – பதில்

சேலத்தில் தலைமையகத்தை வைத்துக்கொண்டு வெளிநாடுகளில் நாலைந்து நிறுவனங்களை நடத்துபவர்களும், நடத்த நினைப்பவர்களும், வெளிநாட்டு வியாபாரத்தைத் தனித் தலைவரும் அலுவலகமும் உள்ள மண்டலங்களாகப் பிரிப்பது பற்றி எழுதிய கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கேட்டவர்களின் ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம். பதில்களில் வரும் விற்பனை, செலவுத் தொகைகள் கணக்கைப் புரியவைக்க நாங்கள் எடுத்துக்கொண்டவை.

கேள்வி: படுக்கை விரிப்பு, டவல், சமையலறைத் துணிகள் தயாரித்து ஏற்றுமதி செய்கிறோம். துபாய், பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் எங்களுக்குத் துணை நிறுவனங்கள் உண்டு. எல்லாரும் எல்லாவற்றுக்கும் எம்.டி.யைத்தான் கேட்கிறார்கள். நான்கு நாடுகளையும் நான்கு மண்டலங்களாக்கி நான்கு தலைவர்களைப் போடச் சொல்கிறார் ஆலோசகர். செய்யலாமா?
– வாசகர், சூரமங்கலம்

பதில்: நான்கு நாடுகள் இருப்பதால் நான்கு மண்டலங்கள் வேண்டும் என்பதில்லை. ஒரு மண்டலம் முதலில் தன் செலவைத் தானே தாங்க வேண்டும். தலைவர், கணக்காளர், ஒரு மெர்ச்சண்டைசர், அலுவலக வாடகை, ஆடிட், வக்கீல், பயணம் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 1.2 கோடி ரூபாய் என்று வையுங்கள். பிரிட்டனில் 40 கோடி விற்பனை, அதில் மொத்த லாபம் (சரக்கின் அடக்க விலை போக மிஞ்சுவது) 18 சதவீதம் என்றால் 7.2 கோடி வரும். அதில் ஆறில் ஒரு பங்கு மண்டலச் செலவுக்குப் போனாலும் தாங்கும். ஆஸ்திரேலியாவில் 5 கோடி விற்பனை என்றால் மொத்த லாபமே 90 லட்சம்தான். மண்டலம் அமைத்த அன்றே 30 லட்சம் பள்ளம். மண்டலச் செலவு மொத்த லாபத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த நாட்டைத் தனி மண்டலமாக்க வேண்டாம் என்பது எங்கள் அளவுகோல்.

அடுத்து கடிகாரத்தைப் பாருங்கள். சிட்னியில் மாலை 5 மணி ஆகும்போது சேலத்தில் பகல் 11.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 12.30. காலை நேரத்தை ஒதுக்கினால் சேலத்திலிருந்தே ஆஸ்திரேலியாவைக் கவனித்துவிடலாம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம்தான் பின்னால், அதுவும் எளிது. நியூயார்க்கில் காலை 9 மணி என்பது நமக்கு மாலை 6.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 7.30. அங்கே வாடிக்கையாளர் கேட்கும் கேள்விக்குச் சேலம் விழித்திருந்து பதில் சொல்ல வேண்டும் என்றால் ஒவ்வொரு பதிலும் ஒரு நாள் தள்ளிப் போகும். ஆகவே அதிகாரம் முதலில் போக வேண்டிய இடம் அமெரிக்கா. அடுத்தது பிரிட்டன். துபாயும் ஆஸ்திரேலியாவும் இப்போதைக்குச் சேலத்தின் கீழேயே இருக்கட்டும்.

மண்டல வாரியாகப் பிரிப்பதா, பொருள் வாரியாகப் பிரிப்பதா என்ற கேள்வியை உங்கள் ஆலோசகர் எழுப்பவில்லை போலிருக்கிறது. அமெரிக்கப் பன்னாட்டு நிறுவனங்களை ஆராய்ந்த ஜான் ஸ்டாப்ஃபோர்டும் லூயிஸ் வெல்ஸும் 1972-இல் காட்டிய போக்கு இன்றும் ஒரு நல்ல தொடக்கம்: பொருள் வகை குறைவு, ஆனால் வெளிநாட்டு விற்பனையின் பங்கு அதிகம் என்றால் நிறுவனங்கள் மண்டல அமைப்புக்குப் போகின்றன, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல பொருள்களை வெளிநாடுகளில் விற்றால் பொருள் வாரி அமைப்புக்குப் போகின்றன. நீங்கள் விற்பது ஒரே குடும்பத்துச் சரக்கு. மண்டலமே பொருந்தும்.

ஆனால் கட்டம் போட்டுப் பெயர் எழுதும் முன் ஒரு வேலை இருக்கிறது. கடந்த மூன்று மாதத்தில் எம்.டி.யிடம் அனுமதி கேட்டு வந்த மின்னஞ்சல், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் எடுத்து வகை பிரியுங்கள். விலைத் தள்ளுபடி, கடன் வரம்பு, சாம்பிள் செலவு, புகார் வந்த சரக்குக்கு ஈடு, ஆள் எடுப்பது, விமான சரக்கு அனுப்புவது என்று இருபது முப்பது வகை தேறும். ஒவ்வொன்றுக்கும் எதிரே மண்டலத் தலைவர் எந்தத் தொகை வரை தானே முடிவெடுக்கலாம் என்று எழுதுங்கள். உதாரணமாக, விலைப் பட்டியலில் 4 சதவீதம் வரை தள்ளுபடி, ஒரு ஆர்டருக்கு 3 லட்சம் வரை ஈடு, கடன் காப்பீடு எடுத்துள்ள வாடிக்கையாளருக்கு 60 நாள் கடன். அதற்கு மேல் போனால்தான் சேலம். இந்தத் தாள் இல்லாமல் தலைவர்களை நியமித்தால் எம்.டி.க்கு வரும் அழைப்புகள் குறையாது. சம்பளப் பட்டியல்தான் நீளும்.

ஒரு முடிவை மட்டும் எக்காரணம் கொண்டும் மண்டலத்துக்குத் தராதீர்கள்: தறி ஒதுக்கீடு. கிறிஸ்துமஸ் சரக்குக்காகப் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒரே ஆகஸ்ட் மாதத் தறியைக் கேட்கும். யார் குரல் உயர்கிறதோ அவருக்குக் கொடுத்தால் மற்ற மண்டலம் அடுத்த ஆண்டு பொய்யான ஆர்டர் கணிப்பைத் தரத் தொடங்கும். அதன்பின் எந்தக் கணிப்பையும் நம்ப முடியாது. மாதம் ஒரு நாள் ஒதுக்கீட்டுக் கூட்டம் வையுங்கள். விதியை முன்கூட்டியே எழுதிவிடுங்கள்: உறுதியான ஆர்டர், வெறும் கணிப்புக்கு முன்னால்; ஒரு தறி நேரத்துக்கு அதிக லாபம் தரும் ஆர்டர் மற்றதற்கு முன்னால்.

கேள்வி: ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அண்மையில் அமைப்பை மாற்றினார்கள். சிங்கப்பூரில் மண்டல மேலாளர் ஒருவர், ஐரோப்பாவில் என் துறையின் உலகத் தலைவர் ஒருவர். இருவரும் ஒரே வாரத்தில் எதிரெதிராக உத்தரவு போடுகிறார்கள். இது எங்கும் இப்படித்தானா?
– வாசகர், அம்மாபேட்டை

பதில்: மேட்ரிக்ஸ் என்று சொல்லும் இரட்டைத் தலைமை அமைப்பின் பழைய நோய் இது. 1988-இல் ஸ்வீடன், சுவிட்சர்லாந்து நிறுவனங்கள் இரண்டு இணைந்து உருவான ஏ.பி.பி. என்ற மின்பொறியியல் நிறுவனம், பெர்சி பார்னெவிக் தலைமையில் இந்த அமைப்புக்கு உலகப் புகழ் தேடித் தந்தது. நாட்டு மேலாளர் ஒருபுறம், பொருள் பிரிவுத் தலைவர் மறுபுறம். அவருக்கு அடுத்து வந்த யோரன் லிண்டால் 1998-இல் மண்டல அடுக்கை நீக்கி, பொருள் பிரிவுகளின் கையில் பொறுப்பைக் கொடுத்தார். அதற்காக மேட்ரிக்ஸே தவறு என்று சொல்ல மாட்டோம். உள்ளூர் விதியும் உலகத் தரமும் இரண்டுமே முக்கியமான வேலைகளில், கணக்குத் துறையும் அதில் ஒன்று, இரண்டு தலைமைக் கோடுகள் தேவைப்படத்தான் செய்யும்.

சரியாக நடக்கும் இடங்களில் மூன்று விஷயங்கள் எழுத்தில் இருக்கும். உங்கள் ஆண்டு மதிப்பீட்டில் கையெழுத்துப் போடுபவர் ஒருவர்தான்; மற்றவர் கருத்து மட்டும் தருவார். உங்கள் சம்பளமும் செலவும் ஒரே பட்ஜெட்டில் இருக்கும். இருவரும் முரண்பட்டால் ஐந்து வேலை நாளுக்குள் அவர்களே பேசித் தீர்க்க வேண்டும், தீராவிட்டால் பெயர் குறிப்பிட்ட ஒரு மேலதிகாரியிடம் போகும். உங்கள் அலுவலகத்தில் மூன்றில் எது இல்லை என்று பாருங்கள். பெரும்பாலும் மூன்றாவதுதான் இருக்காது. இரண்டு உத்தரவையும் ஒரே மின்னஞ்சலில் வைத்து இருவருக்கும் சேர்த்து அனுப்பி, "எதை முதலில் முடிக்க வேண்டும்?" என்று கேளுங்கள். தனித்தனியாக இருவரையும் திருப்திப்படுத்தப் பார்க்காதீர்கள். ஊழியர் அதை உள்ளுக்குள் தாங்கிக்கொள்ளும்வரை அமைப்பில் உள்ள ஓட்டை மேலே தெரியவே தெரியாது.

கேள்வி: மரவள்ளி ஸ்டார்ச்சும் ஜவ்வரிசியும் விற்கிறோம். தென்கிழக்கு ஆசியாவில் சொந்தமாக ஓர் இடம் தொடங்க விரும்புகிறோம். கிளையா, துணை நிறுவனமா?
– வாசகர், ஆத்தூர்

பதில்: கிளை என்றால் நீங்களேதான். அங்கே வழக்கு வந்தால் ஆத்தூர் ஆலை வரை நீளும். முதல் ஒன்றிரண்டு ஆண்டு நஷ்டத்தை இங்குள்ள லாபத்தில் கழிக்க முடியும் என்பது கிளையின் வசதி. துணை நிறுவனம் தனி ஆள். பொறுப்பு, நீங்கள் போட்ட மூலதனத்தோடும் கொடுத்த உத்தரவாதத்தோடும் நிற்கும். ஜி.எஸ்.டி.யிலும் வேறுபாடு உண்டு. சொந்தக் கிளைக்குச் செய்யும் சேவை 'சேவை ஏற்றுமதி' ஆகாது. வெளிநாட்டில் பதிவான துணை நிறுவனம் தனி நபர் என்பதால் அதற்குச் செய்யும் சேவை, மற்ற நிபந்தனைகள் பொருந்தினால், ஏற்றுமதிதான் என்று 2021 செப்டம்பர் 20 தேதியிட்ட 161-ஆம் எண் சுற்றறிக்கை தெளிவாக்கியது. நாளைக்கு மண்டல அமைப்பாக வளர வேண்டும் என்றால் துணை நிறுவனமே நல்லது.

பணம் அனுப்பும் வழியைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். 2022 ஆகஸ்ட் 22 முதல் நடைமுறையில் உள்ள வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, ஆடிட் முடிந்த கடைசி இருப்புநிலைக் குறிப்பில் உள்ள நிகர மதிப்பில் 400 சதவீதம் வரை முன் அனுமதியின்றி வெளிநாட்டு நிறுவனத்துக்காக நிதிப் பொறுப்பு ஏற்கலாம். துணை நிறுவனத்துக்காக நீங்கள் கொடுக்கும் கார்ப்பரேட் கேரண்டியும் இந்தக் கணக்கில் சேரும். பலர் அதை மறந்துவிடுகிறார்கள். வங்கியில் வெளிநாட்டு முதலீட்டுக்கான எஃப்.சி. படிவம் கொடுத்து, யூ.ஐ.என். என்னும் தனி அடையாள எண் வாங்கிய பிறகுதான் பணம் போக வேண்டும். பங்குச் சான்று போன்ற ஆதாரத்தை ஆறு மாதத்துக்குள் வங்கியிடம் தர வேண்டும். ஆண்டுதோறும் ஜூலை 15-க்குள் எஃப்.எல்.ஏ. என்னும் வெளிநாட்டுச் சொத்து, கடன் பொறுப்பு அறிக்கை, டிசம்பர் 31-க்குள் ஏ.பி.ஆர். என்னும் ஆண்டுச் செயல்பாட்டு அறிக்கை.

இதில் அதிகம் தவறுவது ஏ.பி.ஆர். தான். அங்கே இன்னும் வியாபாரம் தொடங்கவில்லை, பிறகு எதற்கு அறிக்கை என்று விட்டுவிடுவார்கள். அந்தத் தாமதத்தைச் சரிசெய்யும்வரை அடுத்த முதலீட்டை அனுப்ப முடியாது. ஆலை வாங்க முன்பணம் கொடுக்க வேண்டிய வாரத்தில்தான் இது தெரியவரும். பதிவுச் செலவை அங்குள்ள நண்பர் கட்டட்டும், பிறகு கொடுத்துக்கொள்ளலாம் என்பதும் அதே வகைச் சிக்கல், யூ.ஐ.என். இல்லாமல் நிறுவனம் பிறந்துவிடும்.

கேள்வி: வெள்ளிக் கொலுசு வியாபாரம். துபாயில் ஒரு நிறுவனம் தொடங்கி, அதையே வளைகுடா, ஆப்பிரிக்கா, மலேசியா எல்லாவற்றுக்கும் மண்டலத் தலைமையாக்கிவிட்டோம். நிர்வாகத்தை நானே இங்கிருந்து போனில் பார்த்துக்கொள்கிறேன். துபாயில் வரி இல்லை என்பதால் லாபம் அங்கேயே நிற்கட்டும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். சரிதானே?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: இரண்டு இடத்தில் சரியில்லை. 2023 ஜூன் 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கிய கணக்காண்டுகளுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் நிறுவன வரி உண்டு. 3,75,000 திர்ஹாமுக்கு மேற்பட்ட லாபத்துக்கு 9 சதவீதம். ஃப்ரீ ஸோன் என்னும் தனித் தொழில் பகுதிகளுக்கான சலுகையும் தகுதியுள்ள வருமானத்துக்கு மட்டுமே, அதுவும் அங்கே உண்மையான ஆளும் வேலையும் இருந்தால்தான்.

பெரிய சிக்கல் இந்தப் பக்கம் இருக்கிறது. வெளிநாட்டில் பதிவான நிறுவனமாக இருந்தாலும், அதன் முக்கிய நிர்வாக, வணிக முடிவுகள் உண்மையில் இந்தியாவில் எடுக்கப்பட்டால் வருமான வரிச் சட்டம் அதை இந்தியக் குடியிருப்பாளராகவே கருதும். ஆடிட்டர்கள் 'போயம்' என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான். குடியிருப்பாளர் ஆகிவிட்டால் உலகம் முழுவதும் ஈட்டிய லாபத்துக்கும் இங்கே வரி. அதுவும் வெளிநாட்டு நிறுவனத்துக்கான 35 சதவீத விகிதத்தில், மேல்வரியும் செஸ்ஸும் தனி. அதே லாபம் உங்கள் சேலம் கம்பெனியில் வந்திருந்து, அது 22 சதவீதத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 25.17 சதவீதத்தோடு முடிந்திருக்கும்.

ஓராண்டில் 50 கோடி ரூபாய்க்கு மேற்படாத வரவு உள்ள நிறுவனங்களுக்கு இந்த விதி பொருந்தாது என்று 2017 பிப்ரவரியில் வந்த சுற்றறிக்கை சொல்கிறது. வெள்ளி விற்கும் விலையில் 50 கோடி என்பது சீக்கிரம் எட்டிவிடும் எண். லாபம் அல்ல, வரவுதான் கணக்கு என்பதை மறக்க வேண்டாம்.

அதைத் தாண்டும் நிறுவனம் வெளிநாட்டில் உண்மையாகவே தொழில் செய்கிறதா என்பதற்குச் சோதனை உண்டு. வட்டி, டிவிடெண்ட், ராயல்டி போன்ற செயலற்ற வருமானம் மொத்தத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தொடர்புள்ள நிறுவனங்களிடமிருந்து வாங்கி அவற்றுக்கே விற்று வரும் வருமானமும் செயலற்றதாகவே எண்ணப்படும். சொத்து, ஊழியர், சம்பளச் செலவு மூன்றிலும் இந்தியப் பங்கு பாதிக்குக் கீழே இருக்க வேண்டும். இவற்றில் தேறினாலும் போர்டு கூட்டங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டில் நடக்க வேண்டும். போர்டு பெயருக்கு இருந்து முடிவை இங்கே உள்ளவர் எடுத்தால் அது எடுபடாது.

ஆகவே காகிதத்தைச் சரிசெய்வதில் பயனில்லை. துபாய் வங்கிக் கணக்கின் ஓ.டி.பி. யாருடைய போனுக்கு வருகிறது? மலேசியக் கடைக்காரருக்குக் கடன் கொடுக்கலாம் என்று யார் சொல்கிறார்? துபாய் மேலாளருக்கு வெள்ளி வாங்கும் விலையை நிர்ணயிக்க அதிகாரம் உண்டா? எல்லாவற்றுக்கும் பதில் 'நான்தான், செவ்வாய்ப்பேட்டையிலிருந்து' என்றால் மண்டலத் தலைமை சேலத்தில்தான் இருக்கிறது. ஒன்று, தொழில் தெரிந்த ஒருவரை, உங்கள் மகனாகவே இருக்கட்டும், அங்கே குடியமர்த்தி முடிவுகளை முழுமையாக விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் துபாயை விற்பனைக் கடையாக வைத்துக்கொண்டு, மண்டலத் தலைமையின் லாபத்தைச் சேலத்தில் காட்டுங்கள். நடுவில் நிற்க இடமில்லை.

கேள்வி: எந்திர உதிரிபாகங்கள் தயாரிக்கிறோம். ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் மண்டல நிறுவனங்கள் அமைத்திருக்கிறோம். அவர்களுக்கு எந்த விலையில் சரக்கு கொடுப்பது?
– வாசகர், ஓமலூர்

பதில்: யார் எந்த அபாயத்தைத் தாங்குகிறார் என்பதிலிருந்து தொடங்குங்கள். மண்டல நிறுவனம் ஆர்டர் பிடித்துக் கொடுத்து, இன்வாய்ஸ் போட்டு, பணம் வசூலிக்கிறது. ஸ்டாக் தேங்கினாலும் தரப் புகார் வந்தாலும் ஓமலூர்தான் ஏற்கிறது என்றால், அதற்குச் சிறிய, நிலையான லாபம் போதும். ஒத்த விநியோகஸ்தர்களின் கணக்கை ஒப்பிட்டு 3 சதவீதம் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். ஜெர்மனியில் விற்பனை 10 கோடி, அங்குள்ள செலவு 1.2 கோடி, லாபம் 30 லட்சம். மிச்சம் 8.5 கோடி. அதுவே நீங்கள் சரக்குக்குப் போட வேண்டிய மொத்த விலை.

ஆண்டு முழுக்க ஏதோ ஒரு விலையில் அனுப்பிவிட்டு மார்ச் மாதம் விலையைக் குறைக்கவோ கூட்டவோ ஒரே கிரெடிட் நோட்டிலோ டெபிட் நோட்டிலோ சரிக்கட்டுவதுதான் நாம் அதிகம் பார்க்கும் தவறு. அந்த நாட்டுச் சுங்கத்துறைக்கு ஏற்கெனவே அறிவித்த இறக்குமதி மதிப்பு அப்போது பொய்யாகிவிடும். விலை உயர்ந்தால் கூடுதல் சுங்கம் கேட்பார்கள். குறைந்தால் கட்டிய சுங்கத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. காலாண்டுக்கு ஒருமுறை விலைப் பட்டியலையே மாற்றுங்கள். அபாயத்தைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒன்றை எழுதி நடப்பில் வேறொன்றைச் செய்யாதீர்கள். வரி அதிகாரி நடப்பைத்தான் பார்ப்பார்.

மண்டலத் தலைமை வசூலிக்கும் நிர்வாகக் கட்டணத்துக்கும் இதே எச்சரிக்கை. 'மேனேஜ்மென்ட் ஃபீஸ்' என்று ஒரே வரியில் இன்வாய்ஸ் வந்தால் அதற்கு ஈடாக என்ன வேலை நடந்தது என்று கேட்பார்கள். மணிக்கணக்கு, மின்னஞ்சல், அறிக்கைகள் கோப்பில் இருக்க வேண்டும். வெளிநாட்டுத் தொடர்பு நிறுவனங்களோடு நடக்கும் பரிவர்த்தனை ஆண்டுக்கு 1 கோடியைத் தாண்டினால் விரிவான ஆவணங்கள் கட்டாயம். குழும விற்பனை 500 கோடியைத் தாண்டி, வெளிநாட்டுப் பரிவர்த்தனையும் 50 கோடியைத் தாண்டினால், முழுக் குழுமத்தின் தொழிலையும் விலை முறையையும் விளக்கும் மாஸ்டர் ஃபைலும் சேரும்.

கேள்வி: மனிதவளத் துறையில் இருக்கிறேன். மண்டல மாற்றத்தில் ஊழியர்களை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற ஒரு கடிதம் கொடுத்தால் போதுமா?
– வாசகி, ஃபேர்லேண்ட்ஸ்

பதில்: மேலதிகாரி மட்டும் மாறுகிறார் என்றால் கடிதம் போதும். சம்பளம் கொடுக்கும் நிறுவனம் மாறினால் போதாது. பிரிட்டனில் தொழில் கைமாறும்போது 2006-ஆம் ஆண்டின் டூபே என்னும் ஊழியர் பாதுகாப்பு விதிகளின்படி ஊழியர் பழைய நிபந்தனைகளோடு தானாகவே புது நிறுவனத்துக்குப் போவார். சம்பளத்தைப் புது அளவுக்குக் குறைக்க முடியாது. 90 நாளில் 20 பேர் முதல் 99 பேர் வரை ஆட்குறைப்பு என்றால் குறைந்தது 30 நாள், 100 பேரோ அதற்கு மேலோ என்றால் 45 நாள் முன்பே கலந்தாலோசனை தொடங்க வேண்டும். ஜெர்மனியில் எழுத்தில் தகவல் கொடுத்த நாளிலிருந்து ஒரு மாதம் வரை, புது நிறுவனத்துக்கு மாற ஊழியர் மறுப்புத் தெரிவிக்கலாம். தகவல் அரைகுறையாக இருந்தால் அந்த ஒரு மாதம் தொடங்கியதாகவே கணக்கில்லை. அங்கே 5 நிரந்தர ஊழியர்கள் இருந்தாலே தொழிலாளர் மன்றம் அமைக்கும் உரிமை உண்டு. மன்றம் இருந்தால் அறிவிப்புக்கு முன்பே அவர்களோடு பேசுங்கள். சேலத்திலிருந்து ஜெர்மனிக்குச் சிலகாலம் போகிறவருக்கு இ.பி.எஃப்.ஓ.விடம் (வருங்கால வைப்பு நிதி நிறுவனம்) கவரேஜ் சான்றிதழ் வாங்கிவிட்டால் அங்கே ஓய்வூதியப் பிடித்தம் தவிரும். இதற்கு வழி செய்யும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் அமெரிக்காவோடு நமக்கு இல்லை.

மாற்றப்படும் ஊழியர்கள் உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தங்கள் வாழ்க்கையைத் திட்டமிடுகிறார்கள். யார் எங்கே போகிறார், கிராஜுவிட்டிக்குப் பழைய சேவைக்காலம் சேருமா, பி.எஃப். எப்படி மாறும் என்ற மூன்றுக்கும் முதல் கடிதத்திலேயே பதில் இருக்க வேண்டும்.

கேள்வி: காபி, மிளகுத் தோட்டம். வறுத்த காபியைச் சிங்கப்பூரிலும் துபாயிலும் ஆளுக்கொரு விநியோகஸ்தருக்கு விற்கிறோம், ஆண்டுக்கு 3 கோடி. மண்டல நிறுவனங்கள் தொடங்கலாமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: வேண்டாம். இரண்டு நாட்டிலும் பதிவு, ஆடிட், வங்கி, ஏ.பி.ஆர். என்று லாபம் கரைந்துவிடும். விநியோகஸ்தர் ஒப்பந்தத்தை இறுக்குங்கள்: விற்பனை எல்லை, குறைந்தபட்சக் கொள்முதல், பிராண்டு பெயர் உங்கள் பெயரிலேயே அங்கே பதிவாக வேண்டும் என்ற நிபந்தனை. எதை மாற்றினாலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை அறுவடைக் காலத்தில் மாற்றாதீர்கள்.

கேள்வி: எல்லாம் முடிவாகிவிட்டது. எந்தத் தேதியில் புது அமைப்புக்கு மாறுவது? சாஃப்ட்வேர்க்காரர் ஏப்ரல் 1 என்கிறார்.
– வாசகர், சங்ககிரி

பதில்: இந்தியக் கணக்குக்கு ஏப்ரல் 1 வசதி. உங்கள் வெளிநாட்டு நிறுவனங்கள் ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்கு வைத்திருந்தால் அவற்றை ஜனவரியிலேயே மாற்றி, மூன்று மாதம் சிறிய அளவில் ஓட்டிப் பார்க்கலாம். கணக்குத் தலைப்புகளின் எண்வரிசை எல்லா நாட்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். வாடிக்கையாளர் பட்டியலைச் சுத்தம் செய்ய நீங்கள் நினைப்பதைவிட அதிக நாள் பிடிக்கும். ஒரே வாடிக்கையாளர் மூன்று நாட்டில் மூன்று பெயரில் இருந்தால் கடன் வரம்பும் மூன்று மடங்காகிவிடும். பழைய, புதிய முறைகளை இரண்டு மாதக் கணக்கு முடிப்புக்காவது இணையாக ஓட்டி, இரண்டிலும் மண்டல லாபம் ஒத்துவருகிறதா பாருங்கள்.

சாஃப்ட்வேர்க்காரர் கேட்க மறப்பது, நிறுவனத்தின் பெயர் எழுதப்பட்ட காகிதங்கள். எல்.சி. (சரக்குக்குப் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்), வங்கி உத்தரவாதம், கடல் சரக்குக் காப்பீடு, தரச் சான்றிதழ்கள், கிடங்கு ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக எழுதுங்கள். எல்.சி. பழைய நிறுவனத்தின் பெயரில் திறந்திருக்க, இன்வாய்ஸ் புது நிறுவனத்தின் பெயரில் போனால் வங்கி அதை முரண்பாடு என்று நிறுத்திவிடும். சரக்கு துறைமுகத்தில் கிடக்க, டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் ஏறும். பெயரைத் திருத்த, எல்.சி. திறந்த வங்கியின் ஒப்புதல் வேண்டும். வாடிக்கையாளர் அதற்கு விலைக்குறைப்புக் கேட்பதும் உண்டு. கையில் உள்ள எல்.சி.க்களைப் பழைய நிறுவனத்திலேயே முடித்து, மாற்றத் தேதிக்குப் பிறகு வரும் ஆர்டருக்கு மட்டும் புதுப் பெயரில் திறக்கச் சொல்லுங்கள். கடைசி எல்.சி.யின் பணம் வந்து சேரும்வரை பழைய நிறுவனத்தின் வங்கிக் கணக்கை மூட வேண்டாம்.